காலில்லாத வீராங்கனை

விண்வெளி ஆய்வுக்கு ஆண்களைவிடப் பெண்களின் ஆதரவு குறைவு என்று அமெரிக்கக் கருத்துக்கணிப்புகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. நம்மூர் அறிவாளிகளுக்கு இது போதாதா? அம்பத்தூர் ஓ.டி. டீக்கடை வாசலிலேயே தீர்ப்பு எழுதிவிடுவார்கள்: "பொம்பளைங்களுக்கு சீரியலை விட்டா வேற என்ன சார் தெரியும்?"

2023 ஆகஸ்ட் 23, புதன்கிழமை. மாலை 6.04க்கு சந்திரயான்-3இன் விக்ரம் கலம் நிலவில் இறங்கியபோது சார்கள் டி.வி. முன்னால் கைதட்டினார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் துணி கம்பெனி வேலை முடித்த பெண்கள், ஆவடி பஸ் படிக்கட்டில் ஒற்றைக் காலுக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். போய் உலை வைக்க வேண்டும், கைதட்டியவருக்குப் பசிக்குமே! ஆதரவு குறைவுதான், ஐயா.

சந்திரயான்-2இன் திட்ட இயக்குநர் சென்னைப் பெண் வனிதா. ஆதித்யா எல்-1ஐ நடத்தியவர் செங்கோட்டை நிகர் ஷாஜி. இப்படிப்பட்டவர்களிடம் மைக்கை நீட்டினால் முதல் கேள்வி, "வீட்டையும் வேலையையும் எப்படி மேடம் சமாளிக்கிறீங்க?" சந்திரயான்-3இன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேலிடம் சாம்பார் பற்றி விசாரித்த மைக்கை நான் பார்த்ததில்லை.

நாசாவும் லேசுப்பட்டதல்ல. 2019 மார்ச்சில் இரண்டு பெண்கள் சேர்ந்து விண்ணில் நடப்பதாக இருந்தது. நடுத்தர அளவு உடை ஒன்றுதான் தயார், எனவே ஒருவருக்குப் பதில் ஓர் ஆண் போனார். ராணுவ உடை தைக்கும் ஆவடி ஓ.சி.எஃப்.பில் சொல்லியிருந்தால் அளவெடுத்துத் தைத்துக் கொடுத்திருப்பார்கள்.

மனிதரை விண்ணுக்கு அனுப்பும் நம் ககன்யானுக்கு வருவோம். 2024 பிப்ரவரி 27இல் அறிவித்த நான்கு பேரும் ஆண்கள். விமானப்படையின் சோதனை விமானிகளிலிருந்து எடுத்தார்களாம். அங்கே பெண்கள் இல்லையாம். எப்படி இருப்பார்கள்? போர் விமானத்தில் பெண்களை விமானிகளாக ஏற்றியதே 2016இல்தான். கதவைப் பூட்டிச் சாவியை மடியில் முடிந்துகொண்டு, ஒருத்தியும் உள்ளே வரவில்லையே என்று அங்கலாய்ப்பு வேறு.

ஆனாலும் இஸ்ரோ பெண்ணினத்தைக் கைவிடவில்லை. 2020 ஜனவரியில் வியோமித்ராவைக் காட்டினார்கள். பெண் உருவ ரோபோ. கால் மட்டும் கிடையாது. சொன்ன சுவிட்சைப் போடுவாள், கேட்டால் பதில் சொல்வாள், சோறு கேட்க மாட்டாள், சம்பளம் கேட்க மாட்டாள், எங்கேயும் கிளம்பிப் போகவும் மாட்டாள். தலைமுறை தலைமுறையாக வலைவீசித் தேடிய மருமகளை ஆய்வுக்கூடத்திலேயே செய்துவிட்டார்கள்! ஆளில்லாத சோதனைப் பயணத்தில் இவளை முதலில் அனுப்புவதுதான் திட்டம். கலம் வெடிக்கிறதா, மூச்சு முட்டுகிறதா என்று பார்த்துச் சொல்ல ஒரு பெண்ணுருவம் வேண்டுமல்லவா? பத்திரம் என்று தெரிந்த பிறகு ஆண்கள் ஏறுவார்கள்.