ஒக்கலிபுரத்தில் தாழ்வு மனப்பான்மை

நிறுவனம் மாட்டி அனுப்பிய சுருள் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, காரின் உடல் தரையை நெருங்கி அமரும்படி அதைவிடக் குட்டையும் விறைப்புமான வேறொன்றை மாட்டுவதற்கு லோயரிங் ஸ்பிரிங் போடுதல் என்று பெயர். இதைச் செய்துகொண்டவர் ‘வண்டிய எறக்கிட்டேன் மச்சா’ என்று அறிவிக்கும்போது அவருடைய குரல் மட்டும் சற்று ஏறியிருப்பதைப் பெங்களூருவின் எந்தப் பேட்டையிலும் கேட்கலாம். மெஜஸ்டிக் ரயில் நிலையத்துக்கும் ஸ்ரீராமபுரத்துக்கும் இடையே, மில்லையும் ரயில்வேயையும் நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் ஒக்கலிபுரத்துக்கும் இவ்வழக்கம் வந்து சேர்ந்துள்ளது. இருபதடி மனையில் வீடுகள் மாடிமேல் மாடியாக உயர்ந்துகொண்டே போகும் அதே சந்துகளில் கார்கள் மட்டும் தாழ்ந்துகொண்டே போவது ஆராயத்தக்க முரண்.

இவ்வேட்கைக்கு மிகுதியும் ஆளான வாகனம் வோக்ஸ்வாகன் போலோ ஆகும். 2009 இறுதி முதல் 2022 வரை புணேக்கு அருகிலுள்ள சாக்கனில் தயாரான இச்சிறு கார், நம் ஊர்ச் சாலைகளின் குணமறிந்து, ஐரோப்பாவில் விற்கப்பட்ட போலோவைவிடச் சற்று உயர்த்தியே இங்கு விற்கப்பட்டது. காரின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ 165 மில்லிமீட்டர். ஆக, ஜெர்மானியர் கேளாமலேயே பெற்ற தாழ்வை ஒக்கலிபுரத்து இளைஞர் தனியே பணம் கட்டிப் பெறுகிறார். பொறியாளர்கள் பாடுபட்டு ஏற்றியதை இவ்வாறு இறக்குவதன் பயன் ‘ஸ்டான்ஸ்’ எனப்படும். நிற்கும் நிலையில் கார் எப்படித் தெரிகிறது என்பதே அது. பெங்களூருவில் ஒரு கார் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நின்றுகொண்டேதான் கழிக்கிறது என்பதால், இந்த அளவுகோலை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது.

ஸ்டான்ஸை அளக்கும் அலகு விரல். டயரின் உச்சிக்கும் அதன் மேலுள்ள வளைவுக்கும் நடுவே கையைச் செருகி, நான்கு விரல் நுழைந்தால் ‘ஜீப் மாதிரி நிக்குது’ என்றும், இரண்டு நுழைந்தால் ‘செமையா இருக்கு’ என்றும் தீர்ப்பு வழங்கப்படுகிறது. யாருடைய விரல் என்ற கேள்வி எழுப்பப்படுவதில்லை. ‘அண்ணா, பின்னாடி இன்னும் ஒரு விரல் எறக்கலாமா?’ என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு, ‘எறக்கலாம் தம்பி, அப்புறம் பின்சீட்டுல யாரையும் ஏத்தாதே’ என்று மெக்கானிக் சொல்லும் விடையில் இத்துறையின் பாடத்திட்டம் முழுவதும் அடங்கியுள்ளது. உதிரிபாகங்களுக்குப் பேர்பெற்ற ஜே.சி. ரோட்டில் லோயரிங் ஸ்பிரிங்கைக் கேட்டு ஒருவர் அலையும் வேளையில், ஸ்பிரிங் சுற்றுகளின் நடுவே செருகி வண்டியைச் சற்றுத் தூக்கிக் காட்டும் ரப்பர் பஃபரை இன்னொருவர் பேரம் பேசுவதும் உண்டு. இறக்கிய ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு நடுவிலேயே அந்தப் பஃபரையும் செருகி, இரண்டுக்கும் விலை கொடுத்துப் பழைய உயரத்துக்கே மீண்டுவரும் ஞானிகளும் இல்லாமற்போகவில்லை.

ஸ்பிரிங்கின் விறைப்பு என்பது அதை ஒரு மில்லிமீட்டர் அமுக்க எவ்வளவு விசை வேண்டும் என்ற கணக்கு. அது கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கோடு கூடுவதால், கம்பி 5 விழுக்காடு தடித்தாலே விறைப்பு 21 விழுக்காட்டுக்கு மேல் ஏறிவிடும். சுற்று குறைந்தாலும் விறைப்பு ஏறும். வேலை செய்யும் ஆறு சுற்றுகளில் ஒன்றை அறுத்தால் ஐந்தில் ஒரு பங்கு கூடும். இதைத் தம் போக்கில் உணர்ந்த சிலர், கடை ஸ்பிரிங் எதற்கு என்று கிரைண்டரால் பழைய ஸ்பிரிங்கையே அறுத்துவிடுகின்றனர். ஆனால் அறுபட்ட முனை தனக்குரிய தட்டில் சரியாக அமர்வதில்லை. பள்ளத்தில் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இடம் பெயர்வதும் உண்டு. கேஸ் வெல்டிங் தீயால் ஸ்பிரிங்கைச் சூடாக்கி உட்கார வைப்பவர்களைப் பற்றி எழுதுவதற்கு, எஃகின் பதம் போய்விடும் என்பதற்கு மேல் எதுவுமில்லை. ராபர்ட் ஹூக் ஸ்பிரிங் பற்றிய தம் விதியை 1676-இல் எழுத்துகளைக் கலைத்துப்போட்ட புதிராக வெளியிட்டு, விடையை 1678-இல்தான் சொன்னார். இன்றும் பல ஸ்பிரிங் பெட்டிகளின் மேல் எத்தனை மில்லிமீட்டர் இறங்கும் என்பது மட்டும் பெரிதாக அச்சாகியிருக்க, விறைப்பு எவ்வளவு என்பதைக் காணோம்; கடைக்காரர்களுக்கு இன்னும் 1678 பிறக்கவில்லை போலும்.

இவ்வளவு விவாதத்திலும் யாரும் கலந்தாலோசிக்காத ஒரு ஜீவன் உண்டென்றால் அது ஸ்டாக் ஷாக், அதாவது வண்டியோடு பிறந்த ஷாக் அப்சார்பர். காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். தாங்கிய ஸ்பிரிங் குதித்துக்கொண்டே இராதபடி, உள்ளிருக்கும் எண்ணெயைச் சிறு துளைகள் வழியே தள்ளி, ஆட்டத்தை வெப்பமாக மாற்றி அடக்குவது ஷாக். மேலே புதுப் பணக்கார ஸ்பிரிங்கும் கீழே மாநகரச் சாலையுமாக, அதன் நிலை மத்தளத்தின் நிலை. இருப்பினும் கணக்கு அதற்கு முற்றிலும் எதிராக இல்லை: தேவைப்படும் தணிப்பு விறைப்பின் வர்க்கமூலத்தைத் தொடர்ந்தே ஏறுவதால், விறைப்பு 20 விழுக்காடு கூடினால் ஷாக்கின் பொறுப்பு 10 விழுக்காட்டுக்குள்ளாகவும், 30 கூடினால் சுமார் 14 விழுக்காடாகவும் மட்டுமே கூடுகிறது. நல்ல நிலையிலுள்ள ஷாக் இதைச் சகித்துக்கொள்ளும். நல்ல நிலை என்பதுதான் இடறும் சொல். போலோவின் இந்திய உற்பத்தியே நின்றுவிட்ட நிலையில் இன்று கைமாறுபவை எல்லாம் பழைய வண்டிகள், அவற்றுள் பலவற்றின் ஷாக்குகள் எண்ணெய் கசிந்து, புழுதி அப்பி, ஓய்வூதியத்துக்கு மனுப்போட்ட நிலையில் இருப்பவை.

தணிப்பைவிடக் கொடியது பயண தூரம். சக்கரம் மேலேறும்போது ஷாக்கின் தண்டு உள்ளே போக ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையில் இரும்போடு இரும்பு மோதாதபடி தண்டின் மேல் செருகியிருக்கும் மெத்தென்ற உருளைக்கு பம்ப் ஸ்டாப் என்று பெயர். நிற்கும் நிலையில் அதுவரை 70 மில்லிமீட்டர் இடம் இருப்பதாக வைத்துக்கொண்டால், 40 மில்லிமீட்டர் இறக்கிய அன்றே மிச்சம் 30 ஆகிவிடுகிறது. பிறகு பின்சீட்டில் அத்தையும் மாமாவும், டிக்கியில் வேளாங்கண்ணிப் பயண மூட்டைகளும் ஏறியபின் கார் ஸ்பிரிங்கின் மேல் நிற்பதில்லை, பம்ப் ஸ்டாப்பின் மேல் நிற்கிறது. பின்சீட்டிலிருந்து எழும் ‘ஏம்பா, வண்டில ஸ்பிரிங்கே இல்லியா?’ என்ற கேள்வி, புதுசாகப் போட்டவரின் மனத்தைப் புண்படுத்தினாலும், இயந்திரவியல் நோக்கில் பிழையற்றது.

சாலைக்கு வருவோம். இந்தியச் சாலைகள் காங்கிரஸ் தன் ஐ.ஆர்.சி. 99 நெறிமுறையில் வகுத்த வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டு, 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் துண்டாக அமைவது. ஏறத்தாழ 2.47 மீட்டர் அச்சிடைத் தூரமுள்ள போலோ அதன் நட்டநடுவே நிற்கும்போது நான்கு சக்கரங்களும் தடையின் மேலேயே நிற்பதால், முகடு காரின் வயிற்றை நோக்கி எழுவது சுமார் 45 மில்லிமீட்டர் மட்டுமே. முப்பது இறக்கிய காரும் இதைக் காலாட்டிக்கொண்டே கடந்துவிடும். ஆனால் சந்துகளில் தெருவாசிகளின் வேண்டுகோளுக்கிணங்க முளைத்த ஹம்ப்போ ஒரு மீட்டருக்கும் குறைந்த அகலத்தில் சுவரைப்போல எழுவது. சக்கரங்கள் இருபுறமும் தரையில் நிற்க, அதன் முழு உயரமும் வயிற்றுக்கே போய்ச் சேரும். உயரம் 15 சென்டிமீட்டர் என்றால், 165-இல் 30 போக மிஞ்சிய 135 மில்லிமீட்டர் எவ்வகையிலும் போதாது. ஆகவே ஒக்கலிபுரத்தில் ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுப்பது காரின் உரிமையாளர் அல்லர். கொத்தனாரும் அவருடைய கரணையும்தான். தாழ்ந்த கார் ஹம்ப்பைக் குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றிக் கடக்கும் காட்சிக்காகப் பின்னால் நிற்கும் ஆட்டோக்கள் கொடுக்கும் ஹாரன் வாழ்த்தொலி, ரயில்வே பாலம் வரை கேட்கும்.

வளைவில் வண்டி ஒட்டிக்கொண்டு போகும் என்ற வாதமும் பாதிதான் மெய். மேக்பெர்சன் ஸ்ட்ரட் எனப்படும் முன்பக்க அமைப்பில் காரை இறக்கினால், காரின் எடைமையம் இறங்குவதைவிட, கார் சாயும்போது சுழலும் கற்பனைப் புள்ளியாகிய ரோல் சென்டர் அதிகமாக இறங்கக்கூடும். அப்போது சாய்க்கும் நெம்புகோல் நீள்கிறது, சாய்வைக் கட்டுப்படுத்துவது ஸ்பிரிங்கின் விறைப்பேயன்றித் தாழ்வு அன்று. சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு நிறுவனம் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது, 2019 திருத்தத்துக்குப் பின் உரிமையாளரிடம் ஒரு மாற்றத்துக்கு 5000 ரூபாய் அபராதம் கேட்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் ஸ்டாக் ஷாக்கோடு இறக்கியே தீருவேன் என்பவருக்கு, 25 மில்லிமீட்டருக்கு மிகாமல் இறங்குவதும், பின்பக்கம் முன்பக்கத்தைவிடக் குறைவாக இறங்குவதும், விறைப்பை வெளிப்படையாகச் சொல்வதுமான ஸ்பிரிங்கே தக்கது. முன்பக்கத்தில் ஸ்பிரிங்கை மாற்ற ஸ்ட்ரட்டை முழுதாகக் கழற்றியாக வேண்டும், அதன்பின் வீல் அலைன்மென்ட்டும் செய்தாக வேண்டும் என்பதால், ஷாக்கையும் அன்றே மாற்றினால் கூலி ஒன்று. ஆறு மாதம் கழித்து மாற்றினால் கூலி இரண்டு, அலைன்மென்ட் இரண்டு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இக்கணக்கை முன்கூட்டியே போடுபவர் அரியர். கழற்றிய பழைய ஸ்பிரிங்குகள் நான்கும் தினசரித் தாளில் சுற்றிப் பரணுக்குப் போகின்றன. வண்டியை விற்கும் வாரத்தில் இறங்கி வந்து மீண்டும் மாட்டப்படுகின்றன. லோயரிங் ஸ்பிரிங்குகள் ‘கொஞ்ச நாள்தான் ஓடுச்சு’ என்ற நற்சான்றிதழோடு ஸ்ரீராமபுரத்துக்கு விலைபோகின்றன. இரண்டு ஸ்பிரிங்குக்கும் உழைத்த ஷாக் மட்டும், ‘எல்லாம் ஸ்டாக், எதையும் தொடல’ என்ற உறுதிமொழியின் ஒரு பகுதியாக, புதிய உரிமையாளரோடு புறப்பட்டுப் போகிறது.