பதிமூன்று வரைக்கும் தெரியும்

என் இந்தி ஞானம் பதிமூன்றோடு நின்றுவிடும். 1988-ல் வந்த ‘தேசாப்’ படத்தில் மாதுரி தீட்சித் ஆடிய ‘ஏக் தோ தீன்’ பாட்டின் பல்லவி அதுவரைக்கும்தான் எண்ணும். சரணத்தில் கணக்கு மேலே போகிறது. ஆனால் அதற்குள் நான் காதை மூடிவிட்டுக் கண்ணால் கேட்க ஆரம்பித்திருப்பேன். 1965-ல் இந்திக்கு எதிராக ஊர்வலம் போன அப்பாவுக்குத் தெரியாமல் அம்மா காசு கட்டி அனுப்பிய பிராத்மிக் பரீட்சையில் தோற்றவன் இவ்வளவு எண்ணுவதே பெரிசு. ஆவடி டாங்கி ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுக் கான்பூர்க்காரரிடம் டிவி இருந்தது. எனக்கு ‘சித்ரஹார்’தான் டியூஷன்.

அந்தப் படிப்பு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்கு ஆனது. கம்பெனி ஸ்டோர்ஸில் சரக்கு இறக்க பீகார் பையன்கள் வந்தபோது, இந்தி தெரிந்தவன் என்று நானே முன்னால் போய் நின்றேன். அவர்கள் பெட்டியில் பாகங்களை அடுக்க, நான் ராகம் போடாமல் சிரமப்பட்டு எண்ணினேன். ‘தேரா’ வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ‘ஏக்’. கேள்வி கேட்காத பிள்ளைகள். இந்தக் கம்பெனியில் பதிமூன்றுதான் கணக்கு என்று எடுத்துக்கொண்டு, எல்லாப் பெட்டியிலும் பதிமூன்று பதிமூன்றாகப் போட்டு ஒட்டிவிட்டார்கள். பில்லில் டஜன் கணக்கு. அன்று ராத்திரி எட்டு மணிக்குப் பெட்டிகளை நானே உட்கார்ந்து பிரித்தேன்.

வெளியில் கேட்டால் இந்தக் குத்துப்பாட்டுக்கெல்லாம் நான் ஜென்ம விரோதி. கதைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அம்பத்தூர் ஓ.டி. டீக்கடையில் பேச ஆரம்பித்தால் டீ ஆறிவிடும். ஆனால் சினிமா வியாபாரிகளுக்கு என்னை நன்றாகத் தெரியும். பாட்டு உரிமையை ஆடியோ கம்பெனிக்குத் தனியாக விற்று, படத்துக்குப் பல வாரம் முன்னாடியே பாட்டை வெளியே விட்டு, என்னைப் போன்ற விரோதிகளின் வாயில் முணுமுணுக்க வைத்துவிட்டுத்தான் தியேட்டரைத் திறப்பார்கள். ‘ஏக் தோ தீன்’ கிளப்பிய அலையில் ஃபிலிம்ஃபேர்காரர்கள் நடன இயக்கத்துக்கென்றே ஒரு விருதை ஏற்படுத்தி, முதல் விருதை சரோஜ் கானுக்குக் கொடுத்தார்கள். 1998-ல் மணிரத்னத்தின் ‘தில் சே’ இங்கே சரியாக ஓடவில்லை. நம் ஊட்டி ரயில் கூரை மேல் மலைகா அரோரா ஆடிய ‘சைய்ய சைய்யா’ மட்டும் நிற்காமல் ஓடி, 2006-ல் ஸ்பைக் லீயின் ‘இன்சைட் மேன்’ வரை போய்ச் சேர்ந்தது. அதன் தமிழ் வடிவமான ‘உயிரே’வுக்கு நான் போனதும் அந்த ரயிலுக்காகத்தான். பாட்டு ஆரம்பத்திலேயே வந்துவிடும் என்பது தெரியாமல் போனேன். கொடுத்த காசுக்காக மிச்சப் படத்தையும் பார்க்க வேண்டியதாயிற்று.

‘முன்னி’ பாட்டு விவகாரம் இன்னும் மோசம். 2010-ல் ‘தபங்’ வந்தபோது பாட்டுக்குள்ளே ஜண்டு பாம் பேர் வருகிறதே என்று அதைத் தயாரிக்கும் இமாமி நிறுவனம் நோட்டீஸ் விட்டது. பிறகு சமரசமாகி, ஆடிய மலைகாவையே விளம்பரத்துக்கும் அமர்த்திக்கொண்டது. சண்டைக்கு வந்தவர் சம்பந்தியாகிவிட்டார். எனக்கு மட்டும் நஷ்டம். ஆசைப்பட்டு அந்தப் பாட்டை காலர் ட்யூனாக வைத்தேன். மாசா மாசம் பேலன்ஸில் முப்பது ரூபாய் போனது. நிறுத்தும் வழி பிடிபடுவதற்குள் பெரியப்பா தவறிப்போனார். எடுப்பது எத்தனை மணிக்கு என்று கேட்க போன் போட்ட சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் முன்னியைக் கேட்டுவிட்டுத்தான் என்னிடம் துக்கம் விசாரித்தார்கள். அடுத்த வருஷம் ‘தபங்’கின் தமிழ் வடிவமான ‘ஒஸ்தி’யில் அதே இடத்தில் எல்.ஆர்.ஈஸ்வரியும் டி.ராஜேந்தரும் ‘கலாசலா’ பாடினார்கள். அதை வைத்துக்கொள்ளும் தைரியம் எனக்கு வரவில்லை.

இதெல்லாம் தெரிந்தும் அக்கா பெரிய மகள் கல்யாணத்தில் ஆட ஒப்புக்கொண்டேன். இப்போதெல்லாம் அம்பத்தூர் மண்டபங்களிலும் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சங்கீத், பின்னால் எல்.இ.டி. திரை. தேர்ந்தெடுத்த பாட்டு ‘ஜவான்’ படத்தின் ‘ஜிந்தா பந்தா’. சென்னையில் எடுத்து 2023-ல் வந்தது. ஷோபி மாஸ்டர், அனிருத் இசை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நடனப் பெண்கள். நம்ம மாஸ்டர் போட்ட ஸ்டெப், ஆடிய ஷாருக்கோ என்னைவிட மூத்தவர், எனக்கு வராதா என்று கணக்குப் போட்டேன். அந்த ஸ்டெப்பின் சூதே அங்கேதான் இருக்கிறது. பார்க்கிற எவனுக்கும் இது நமக்கு வரும் என்று தோன்றுகிற அளவில் வெட்டித் தருகிறார்கள். நாம் ஆடி, வீடியோ எடுத்து, பத்துப் பேருக்கு அனுப்பி, அவர்களுக்குக் கூலியில்லாமல் விளம்பரம் செய்கிறோம்.

“மாமா, கையை மட்டும் ஆட்டுங்க. இடுப்பு ஏன் தனியாப் போகுது?” என்றாள் சொல்லிக்கொடுத்த சின்ன மகள்.

“அது தானா வருதும்மா.”

“வரக் கூடாது மாமா.”

மேடையில் எல்லோரும் வலப்பக்கம் திரும்பியபோது நான் இடப்பக்கம் திரும்பி, மாப்பிள்ளையின் தாய்மாமாவோடு நேருக்கு நேர் நின்றேன். அவர் என்னவோ கேட்கப் போகிறேன் என்று நினைத்துக் குனிந்து காதைக் கொடுத்தார். நான் கையை மேலே வீசினேன். அவர் கண்ணாடி முதல் வரிசையில் போய் விழுந்தது.

மறுநாள் காலை முட்டிக்குத் தேய்க்க வாங்கி வந்தது எந்தத் தைலம் என்று சொல்ல வேண்டியதில்லை.

வீடியோவை யாரோ நெட்டில் ஏற்றினார்கள். பாட்டு உரிமைக்காரர்கள் ஒலியை அணைத்துவிட்டார்கள். படம் மட்டும் நின்றது. சத்தமே இல்லாமல் நான் கையை வீசிக்கொண்டிருக்கிறேன். பார்க்கச் சகிக்காமல் சின்னவள் அதில் நாதஸ்வரத்தைச் சேர்த்து மறுபடி போட்டாள். கெட்டிமேளத்துக்குக் கை அசைக்கும் பெரியவர் யாரென்று சம்பந்தி வீட்டில் மரியாதையோடு விசாரித்தார்களாம்.