லண்டன் கக்கூஸில் உப்புக்கறை: அப்பத்தாவின் கேள்விக்கு விளக்கம்

கக்கூஸ் பீங்கானில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் வளையமாகப் படியும் கறையில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு. சொந்த ஊரான எழுமலையில் போர்த் தண்ணீர் பட்ட இடமெல்லாம் வெள்ளையாகப் பூக்கும் அதே சரக்குதான். "வெள்ளைக்காரன் ஊர்த் தண்ணியிலுமா உப்பு?" என்று அப்பத்தா போனில் கேட்டதற்கு விடை: ஆம், தாராளமாக. லண்டனைச் சுற்றிய குன்றுகளில் பல சுண்ணாம்புப் பாறை. மழைநீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு, அந்தப் பாறையைக் கரைத்தபடியே நிலத்தடிக்கும் தேம்ஸுக்கும் வந்துசேர்கிறது. இந்தியத் தரநிலைப்படி குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லாத ஊரில் 600 வரை போகலாம். லண்டன் குழாய்நீர் பெரும்பாலும் 200ஐத் தாண்டித்தான் வருகிறது. இதில் துவரம்பருப்பு வேக மறுக்கும் கொடுமையை, மழைத்தண்ணீரை அண்டாவில் பிடித்துவைக்கும் அப்பத்தாவுக்கு விளக்க வேண்டியதில்லை. பேரன் லண்டனில் பவுனாகச் சேர்ப்பதாக ஊரில் பேச்சு. கெட்டிலின் அடியில் சேர்ந்திருப்பதென்னவோ சுண்ணாம்பு.

"ஆசிட் வாங்கி ஊத்து" என்பது வீட்டு ஆலோசனை. இந்தியாவிலேயே 2013இல் உச்ச நீதிமன்றம் ஆசிட் விற்பனைக்குக் கடிவாளம் போட்டது. இங்கிலாந்தில் 10 சதவீதத்துக்கு மேற்பட்ட ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சாதாரணக் குடிமக்கள் வைத்திருக்கவே 2023 அக்டோபர் முதல் உள்துறை அமைச்சகத்தின் உரிமம் வேண்டும். இல்லையென்றால் சிறைவரை போகலாம். விசா தருவதும் அதே அமைச்சகம். கெஞ்சிக் கூத்தாடி விசா வாங்கிய இடத்திலேயே, கக்கூஸ் கழுவ அனுமதி கோரி, காரணம் எழுதி, அடையாளச் சான்று இணைத்து மனுப் போடலாம்; எந்தப் புத்திசாலியும் போடமாட்டான். உரிமம் கிடைத்தாலும் ஊர்ப் பாணியில் கழுவ முடியாது. பல வீடுகளில் குளியலறைத் தரைக்கு வடிகால் கிடையாது. வாளி நிறையத் தண்ணீரைக் கொட்டி விளக்குமாற்றால் தள்ளும் சுகமே இந்த நாட்டில் இல்லை.

ஆகவே சாதுவான அமிலங்கள்: வினிகர் அல்லது சிட்ரிக் அமிலம். கிண்ணத்தில் நிற்கும் தண்ணீரை முதலில் பிரஷால் உள்ளே தள்ளிவிட வேண்டும். நீர் நின்றால் அமிலம் நீர்த்துப்போகும். வினிகரில் நனைத்த காகிதத்தைக் கறைமேல் ஒட்டி இரவு முழுக்க விட்டால், அமிலம் சுண்ணாம்பைத் தின்று கரியமில வாயுவை நுரையாகக் கக்கும். சிட்ரிக் அமிலத்தோடு கொதிநீர் கூடாது. சூட்டில் கரையாத கால்சியம் சிட்ரேட் படியும், பீங்கானும் விரிசல் விடலாம். புளியிலும் அமிலம் உண்டுதான். ஆனால் ஊரிலிருந்து வந்த புளி ரசத்துக்கே போதவில்லை.

பிளீச் கறையை வெளுக்கும், கரைக்காது. அதை எந்த அமிலத்தோடும், வினிகரோடும்கூடச் சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பி நெஞ்சை அடைக்கும். கக்கூஸ் கழுவ ஊர்க் கடையில் தொங்கும் ஹார்பிக்கும் இங்கிலாந்துச் சரக்குதான். ஹாரி பிக்கப் என்பவரின் பெயரைச் சுருக்கி வைத்த பெயர். மஞ்சள் ஏறிய பழங்கறையில் சிறுநீர் உப்புகளும் கலந்திருப்பதால் ஒரே இரவில் போகாது. ஊறவைத்து, தேய்த்து, மறுபடி ஊறவைக்க வேண்டும்.