வெட்டு, இன்னும் ஆழமாக வெட்டு

சுங்கை பூலோவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் தோட்டம் இருந்த காலத்தில், பால்மரத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுதான் வழக்கம். இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். தினமும் வெட்டி, பால் கூட்டும் மருந்தையும் அளவு மீறித் தடவினால் பட்டை காய்ந்து பால் நின்றுவிடும். விடியுமுன் நம் பாட்டிகளைப் பிரட்டுக்கு நிறுத்திய துரைமார்களுக்கே மரத்தின்மேல் இந்த அக்கறை இருந்தது. மரத்துக்கு ஓய்வு, வெட்டுகிறவருக்கு மறுநாள் வேறு நிரை!

அந்த நிலம் இப்போது ஊழியர் சேமநிதி வாரியத்தின் குவாசா டாமன்சாரா நகரியம். மரம் போயிற்று. வெட்டுகிறவர்கள் போகவில்லை.

ஸ்டார்ட்அப் தம்பி, உன்னைத்தான் சொல்கிறேன். 2023 ஜனவரி முதல் நம் மலேசியாவில் வாரத்துக்கு 45 மணி நேர வேலை என்பது சட்டம். நீ ஊழியன் இல்லை, முதலாளி. ஆகவே சட்டம் உன்னைத் தொடாது. பாக்கியசாலி! எல் அண்ட் டி தலைவர் சுப்பிரமணியன் 90 மணி நேரம் உழைக்கச் சொன்னபோது இந்தியா கொதித்தது. உனக்கு அது பகுதிநேர வேலை. மேடையேறி "நாலு மணி நேரம்தான் தூங்குகிறேன்" என்கிறாய், கைதட்டுகிறார்கள். முன்வரிசையில் பலமாகத் தட்டுகிறவர் முதலீட்டாளர். அவர் நன்றாகத் தூங்குகிறவர்.

ஏன் தூங்கமாட்டார்? அவருடைய நிதிக்கு ஆயுள் பெரும்பாலும் பத்து வருடம். பத்துக் கம்பெனியில் ஒன்றிரண்டு பூதமாக வளர்ந்தால் போதும், மற்றவை செத்தாலும் கணக்கு நேராகிவிடும். ஆள் சாகாமல், சிறிய லாபத்தோடு நிதானமாக வளரும் கம்பெனியால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. அதனால்தான் மருந்தைத் தடவிக்கொண்டே இருக்கிறார்.

பொதுப்பணமும் இதே ஆட்டம்தான் ஆடுகிறது. அரசு முதலீட்டு நிறுவனங்களான கஸானாவும் பிஎன்பியும் 2018இல் ஃபேஷன்வேலட் என்ற ஆன்லைன் துணிக்கடையில் போட்டது 4 கோடியே 70 லட்சம் ரிங்கிட். 2023இல் பங்கை விற்று வாங்கியது 31 லட்சம். ஊருக்குத் தெரிந்தது 2024இல். பிரிக்ஃபீல்ட்ஸில் இடியாப்பம் விற்கும் அக்கா, சிறு வியாபாரிகளுக்குக் கடன் தரும் அரசின் தெக்குனில் கேட்டுப் பார்க்கட்டும்: வியாபாரப் பதிவு எங்கே, பேங்க் ஸ்டேட்மெண்ட் எங்கே? அவர் செய்த குற்றம், முதல் மாதத்திலேயே லாபம் பார்த்தது.

ஸ்ரீதர் வேம்பு கூட்டாளிகளோடு 1996இல் தொடங்கிய மென்பொருள் கம்பெனி, இன்றைய ஸோஹோ, வெளி முதலீடு வாங்காமலே வளர்ந்ததே என்று கேட்டால், அது விதிவிலக்காம். 2012இல் இங்கே மைடெக்ஸியாகப் பிறந்து, பிறகு சிங்கப்பூருக்குக் குடிபோன வாடகைக்கார் கம்பெனி கிராப் மட்டும் விதியாம்! எந்த ஊர்க் கணக்கு இது?

போட்ட பணம் தீரும் மாதம் ஒன்று வரும், தம்பி. ஊழியர்களின் சேமநிதிப் பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். தவறினால், 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி கம்பெனியோடு சேர்ந்து இயக்குநரும் சொந்தப் பொறுப்பில் கடனாளி. உன் முதலீட்டாளர் இயக்குநர் நாற்காலி வேண்டாமென்று பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்தாரே, பெருந்தன்மை என்றா நினைத்தாய்? நோட்டீஸ் அவர் வீட்டுக்குப் போகாது. உன் அம்மா வீட்டுக்கு வரும், கையெழுத்துப் போட்டு வாங்குவதும் அவர்தான். சீரிஸ் ஏ என்றால் என்னவென்று அன்றைக்கு அவரிடம் விளக்கிச் சொல்.