வடைக்கு முன்னால கணக்கு

ஏலே பேராண்டி, அந்தப் போனைக் கொஞ்சம் கீழ வச்சிட்டு இப்படித் திண்ணையில உக்காரு. ஊர்ச்செய்திக்குன்னே வாட்ஸ்அப்புல குரூப்பு ஆரம்பிச்சிருக்கியாமே. எரியாத தெருவிளக்கைப் படம் புடிச்சுப் போட்டியாம், ஊரே சிவந்த மூஞ்சிப் பொம்மை போட்டுச்சாம். பேஷ். விளக்கு எரிஞ்சுதாலே?

ஆகஸ்ட் 15 அன்னைக்குக் கிராம சபை கூடுச்சே, எங்க போயிருந்த? வருசத்துல ஆறு நாளு அதுக்குன்னே ஒதுக்கியிருக்கு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் பட்டியல்ல பேரு இருந்தாப் போதும், நீயும் உறுப்பினருதான். குரூப்பு அட்மின் எவனும் உன்னைச் சேக்க வேண்டாம், தூக்கவும் முடியாது. நம்மளை மாதிரி மூவாயிரம் பேருக்குள்ள இருக்க ஊருல நூறு பேராவது வந்தாத்தான் கூட்டம் செல்லும். அந்த நூறு தேறத்தான் வடை.

ஆமாலே, வடைதான். நான் பாத்த கூத்தைச் சொல்லுதேன். ஃபிளக்ஸ் கட்டி, மைக்கு புடிச்சு, மேடையில உள்ளவுகளுக்குப் பொன்னாடை போர்த்தவே வெயில் உச்சிக்கு வந்துரும். வரவு செலவு வாசிக்கப்போற நேரம் பாத்து டீயும் வடையும் வரும். எவன் காதுல கணக்கு ஏறும்? வடை வாங்குன கையோட நோட்டுல ஒரு கையெழுத்து. மேல தீர்மானம் எழுதுத எடம் வெள்ளையாக் கெடக்கும். எண்ணெய்க் கறை மட்டும் இருக்கும்.

வடக்க உத்திரமேரூர்ல பராந்தக சோழன் காலத்துலயே கல்லுல வெட்டி வச்சிருக்கான். சபையில இருந்து கணக்குக் காட்டாதவன் பேரைக் குடவோலையில போடக் கூடாது. அவன் சொந்தபந்தம் பேரையும் போடக் கூடாது. அந்தச் சபைக்குள்ள உன்னையும் என்னையும் விட்டிருக்க மாட்டானுவ, அது வேற கதை. ஆனா கணக்கு விசயத்துல கெட்டிக்காரனுவ. இப்ப மச்சானுக்குத்தானலே முதல் கான்ட்ராக்டு?

இன்னொண்ணு கேக்குதேன். குரூப் 4க்குப் படிக்க டவுன்ல மாசாமாசம் காசு கட்டி நாற்காலி புடிச்சிருக்கியாமே, ஏசி உண்டாமே. உங்க அப்பன் வீட்டு வரி கட்டும்போது ரூபாய்க்கு பத்துப் பைசா நூலக வரியும் சேத்துத்தான் கட்டுதான். தெரியுமா? அந்தக் காசுல நடக்க நூலகம் ஊருக்குள்ள இருக்கு. வாசல்ல ஆடு படுத்துக் கெடக்கு. ஃபேன் சுத்தலைன்னா அதைத்தான் சபையில எழுந்திருச்சுக் கேக்கணும். மனுவா எழுதிக் குடுத்து, தீர்மானத்துல ஏத்தச் சொல்லணும். அட, உன் குரூப்பையும் சும்மா விடாத. கூட்டம் எப்பன்னு முந்துன நாளே அதுல போடு, நாலு பேரு வருவான்.

அடுத்தது அக்டோபர் 2. காந்தி படத்துக்கு மாலை விழுறதுக்கு முன்னாலயே போயி முன்வரிசையில உக்காரு. வடை ஆறுனா ஆறட்டும். நோட்டை நீட்டுனா மேல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சிட்டுக் கையெழுத்துப் போடு. வெள்ளையா இருந்தா, போடாத.