காய்மகாரமும் பெருமையும்: கல்முனைக் கரையோர வகைப்பாடு

கெட்ட குணங்களை எண்ணி வகை பிரிக்கும் சாஸ்திரத்துக்கு இரண்டு பெரிய மரபுகள் உண்டு. முதலாவது கிறிஸ்தவத் துறவிகளுடையது. நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியஸ் எட்டுத் தீய எண்ணங்களைப் பட்டியலிட்டார். அதில் பொறாமை (எங்கள் பேச்சில் காய்மகாரம்) இல்லை. ஆறாம் நூற்றாண்டின் கடைசியில் பாப்பரசர் முதலாம் கிரகோரி அந்தப் பட்டியலைத் திருத்திப் பொறாமையைச் சேர்த்தார், பெருமையை எல்லாவற்றுக்கும் வேர் என்று தனியே வைத்தார். பாலைவனத்துத் துறவிக்குத் தட்டுப்படாதது ரோமாபுரியை நிர்வகித்தவருக்குத் தட்டுப்பட்டிருக்கிறது. அக்கம்பக்கத்தில் ஆட்கள் இருந்திருக்கிறார்கள், வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இரண்டாவது மரபு இமாம் கஸ்ஸாலியுடையது. 1111இல் மறைந்த அவருடைய ‘இஹ்யா’ நாற்பது நூல்களைக் கொண்டது. இருபத்தைந்தாவதில் கோபத்தோடும் குரோதத்தோடும் சேர்த்துப் பொறாமையை ஆராய்கிறார், இருபத்தொன்பதாவது பெருமைக்கு. செருப்புத் தைப்பவன் செருப்புத் தைப்பவனைப் பார்த்துத்தான் எரிவான், புடவைக் கடைக்காரனைப் பார்த்து எரியமாட்டான் என்பது அவர் கண்ட விதி. கல்முனை பஜாரில் ஒரு பின்னேரம் நின்றால் போதும், வேறு சான்று தேவைப்படாது.

இலங்கையின் இந்தக் கிழக்குக் கரையில் இரண்டு மரபுக்கும் ஆட்கள் உண்டு. மத்ரஸாக்கள் ஊருக்கு ஊர். கல்முனையில் உவெஸ்லி, கார்மேல் பற்றிமா பாடசாலைகள். உள்ளே போனால் சொறிக்கல்முனைத் திருச்சிலுவைக் கோயில். நான் மெதடிஸ்தன். அடுத்த வளவு முஸ்லிம் வளவு. ஆகவே ஆராய்ச்சிக்கு இரண்டு பக்கமும் பொருள் கிடைத்தது.

முதல் இனம் வளவுப் பொறாமை. இங்கே மகளுக்குத்தான் வீடு. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். அதனால் ஒரு வளவுக்குள் அக்கா தங்கைகளின் வீடுகள் சுவரோடு சுவராக நிற்கும். மூத்தவளுக்கு வாப்பா கட்டியபோது சிவப்புச் சீமெந்துத் தரைதான் நாகரிகம். கடைசி மகளுக்குக் கட்டும்போது டைல்ஸ் வந்துவிட்டது. வீடு குடிபுகும் நாளில் மூத்தவளான ராத்தா வருவார், செருப்பை வாசலில் கழற்றுவார், “மாஷா அல்லாஹ், வடிவா இரிக்கி” என்பார். மனதார வாழ்த்துவதில் குறை சொல்ல முடியாது. பிறகு வெறுங்காலால் இரண்டு எட்டு வைத்துப் பார்ப்பார். “வழுக்கும் போல கிடக்கு. புள்ளையள் கவனம்.” அந்த இரண்டாவது வசனத்தில்தான் நமது இனம் குடியிருக்கிறது. வேதங்களில் பேர்போன பொறாமைக்காரர்களும் வளவுக்காரர்களே: தம்பியின் காணிக்கை ஏற்கப்பட்டதைப் பொறுக்காத காயீன் (முஸ்லிம்களுக்குக் காபீல்), யோசேப்பைக் கிணற்றில் போட்ட அண்ணன்மார்.

இரண்டாவது தொழிற்பொறாமை. மருதமுனைத் தறியில் புதிய கரை போட்ட சாரம் ஒன்று இறங்கினால் அடுத்த தறிக்காரர் அதை வாங்கமாட்டார். தடவிப் பார்த்துவிட்டு நூலைக் குறை சொல்வார். கரைவலைக்காரருக்கும் இதே நோய், அங்கே நூலுக்குப் பதில் மீன்.

மூன்றாவது சபைப்பொறாமை. இதை எழுதக் கை கூசுகிறது, என்றாலும் விட்டுவிட்டால் வகைப்பாடு முழுமையாகாது. சாய்ந்தமருது கல்முனை மாநகர சபையிலிருந்து பிரிந்து தனி நகரசபை கேட்டது; 2020 பெப்ரவரியில் வர்த்தமானி வந்தது; சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. 2019 ஜூனில் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி உண்ணாவிரதம் நடந்தது. அதற்கு எதிராகவும் ஆட்கள் இருந்தார்கள். எல்லை கேட்பதெல்லாம் பொறாமை என்பது சோம்பேறி ஆய்வாளன் பேச்சு. கேட்டவர்களுக்கு அவரவர் நியாயம் இருக்கிறது. ஆனால் பிறர் நன்மையைக் கண்டு வரும் துக்கமே பொறாமை என்று தோமா அக்குவினார் வரையறுத்தார். வர்த்தமானி வந்த அன்றும் நிறுத்தப்பட்ட அன்றும் எந்தெந்தத் தேநீர்க் கடையில் எந்த முகம் வாடியது, எது மலர்ந்தது என்று பார்த்திருந்தால் அவருக்கு இன்னும் ஓர் அத்தியாயம் தேறியிருக்கும்.

இனிப் பெருமை. இது இங்கே விழா அழைப்பிதழில் விளையும். பிரதம அதிதி ஒருவர், கௌரவ அதிதிகள் சிலர், விசேட அதிதிகள் பலர், சிறப்பு அதிதிகள் எண்ணிலடங்கார். பெயருக்கு முன்னால் அல்ஹாஜ், பின்னால் ஜே.பி. பொன்னாடை போர்த்தும் வரிசையில் ஒருவர் இடம் மாறிவிட்டால் ஏற்பாட்டுக் குழுவோடு ஆறு மாதம் பேச்சு இல்லை. லூக்கா 14ஆம் அதிகாரத்தில், விருந்துக்கு வந்தவர்கள் முதன்மை இடங்களைப் பிடிப்பதை இயேசு கவனிக்கிறார். கடைசி இடத்தில் போய் உட்காரச் சொல்கிறார். அந்த உபதேசத்தை நம்மவர்கள் சிலர் மிக நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். மண்டபத்தின் கடைசி வரிசையில், ஒலிபெருக்கிக்காரருக்குத் தெரியும்படியாக அமர்ந்திருப்பார்கள். “பின்னால் எளிமையாக அமர்ந்திருக்கும் எங்கள்…” என்று அறிவிப்பாளர் தொடங்கியதும் தலையை ஆட்டி மறுத்தபடியே எழும்புவார்கள். பணிவுப் பெருமை என்னும் இந்தச் சிற்றினம்தான் ஆராய்ச்சியாளனுக்குக் கடினமானது. ஆலயத்தில் நின்று, தான் மற்றவர்களைப் போலல்ல என்று நன்றி சொன்ன பரிசேயனும் இதில் சேர்வான். அவனைக் கேலி செய்யும்போது நாமும் சேர்ந்துவிடுகிறோம் என்பது கூடுதல் சிக்கல்.

இரண்டு குணங்களையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தவர் பவுல். கொரிந்து இரண்டு துறைமுகங்களுக்கு நடுவில் இருந்த வியாபார நகரம். அங்கிருந்த சின்னஞ்சிறு சபை, நான் பவுலின் ஆள், நான் அப்பொல்லோவின் ஆள் என்று பிரிந்து கிடந்தது. இங்கே கட்சி அரசியல் செய்தவர் எவருக்கும் பவுல் அவர்களுக்கு எழுதிய கடிதத்துக்கு விளக்கவுரை வேண்டியதில்லை. முதலாம் கடிதத்தின் 12ஆம் அதிகாரத்தில் கால், தான் கை இல்லையே என்று நோகிறது. கண், கையே நீ எனக்குத் தேவையில்லை என்கிறது. முன்னது பொறாமை, பின்னது பெருமை. இரண்டும் ஒரே உடம்பில். ஓர் உறுப்பு மேன்மை பெற்றால் மற்றவையும் கூட மகிழும் என்பது அவர் தரும் மருந்து. நம் ஊரில் சொன்னால், தங்கச்சியின் டைல்ஸ் ராத்தாவின் டைல்ஸும்தான். கிறிஸ்துவின் உடலில் தானும் ஓர் உறுப்பு என்று நம்புகிறவன் இதைக் குடித்தே ஆகவேண்டும். கசக்கிறது என்பதற்காக விட முடியாது.

மெதடிஸ்தத்தைத் தொடங்கிய ஜோன் உவெஸ்லியின் மருந்து இன்னும் நேரடியானது. 1742இல் பிரிஸ்டல் சபைக்குக் கடன். வாரம் ஒரு பென்னி சேர்க்க ஒருவருக்குப் பன்னிரண்டு பேர் என்று பிரித்தார்கள். காசு சேர்க்க வீடு வீடாகப் போனவர், யார் யாரோடு சண்டை, யார் குடிக்கிறார் என்பதையும் கண்டுகொண்டார். அதிலிருந்து ‘வகுப்பு’ பிறந்தது: வாரம் ஒருமுறை கூடி அவரவர் உள்நிலையை மற்றவர் முன்னால் சொல்ல வேண்டும். “இந்த வாரம் பக்கத்து வீட்டுத் தரையைப் பார்த்து எரிந்தேன்” என்று பன்னிரண்டு பேர் முன்னால் சொன்னவரால் அடுத்த வாரம் நிம்மதியாக எரிய முடியாது.

கஸ்ஸாலியின் மருந்து செயலில் இருக்கிறது. பொறாமை எதைச் செய்யச் சொல்கிறதோ அதற்கு மாறாகச் செய். பழிக்கச் சொன்னால் புகழ். பெரிய வியாழனன்று குருவானவர் குனிந்து பிறர் காலைக் கழுவுவதும் இந்த முறைதான்.

இதைக் கல்முனையில் நடைமுறைப்படுத்துவதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் உண்டு. ஒருவரைப் பகிரங்கமாகப் புகழ்வதானால் விழா வைக்க வேண்டும், பொன்னாடை வாங்க வேண்டும். பொன்னாடையை யார் போர்த்துவது என்பதை முடிவு செய்ய ஒரு குழுவும் வேண்டும்.