வெண்டது ஆர், கத்தினது ஆர்

டவுன்ரவுணுக்குப் போறதெண்டால் போ மோனே. வேண்டாமெண்டு ஆர் சொன்னது? பந்தடிச்சு வெண்டவன் குளிச்சுப்போட்டுப் படுத்திடுவான்; அவனுக்காக விடிய விடியக் கத்திறதுக்கு ஊரிலை நாலு பேர் வேணுந்தானே. அந்த உத்தியோகம் எங்கடை குடும்பத்தை விட்டுப் போகக் கூடாது. 2019இலை கொண்ணன் அந்தக் கதிரையிலை இருந்தான். இப்ப அவன் மோர்கேச் கட்டிற பெரிய மனிசன். அந்தக் கதையை எடுத்தால் போனை நோண்டுறான். இனி உன்ரை முறை. இந்தக் கிழவன் சொல்லுறதைக் கொஞ்சம் கேட்டிட்டு வெளிக்கிடு.

அந்த வருசம் மே 12, ஞாயிற்றுக்கிழமை. எங்கடை ரொறொன்ரோக் கூடைப்பந்து அணி ராப்ரர்ஸுக்கும் பிலடெல்பியாக்காரருக்கும் ஏழாவது ஆட்டம். 90க்கு 90 எண்டு நிக்குது, நாலு விநாடிதான் மிச்சம். லெனார்ட் எண்ட அந்தச் சிரிக்கத் தெரியாத பொடியன் மூலைக்கு ஓடிப்போய், ஏழடி எம்பீட்டின்ரை கைக்கு மேலாலை பந்தை எறிஞ்சான். நேரம் முடிஞ்சு சங்கும் ஊதியாச்சு. பந்து வளையத்திலை நாலு தரம் குதிச்சுது. பொம்பிளை பாக்க வந்த மாப்பிளைப் பகுதி மாதிரி, ஓமெண்டும் சொல்லாது, இல்லையெண்டும் சொல்லாது. பேந்து மெல்ல உள்ளுக்கை விழுந்துது. ஏழாவது ஆட்டத்திலை சங்கு ஊதேக்கை விழுந்த பந்தாலை ஒரு அணி வெண்டது என்பிஏ லீக்கின்ரை சரித்திரத்திலை அதுதான் முதல்தரமாம். நான் துள்ளினனான் எண்டு கொப்பர் சொல்லுவார். நம்பாதை. நாரி பிடிச்சதாலை எழும்பினனான்.

ஆனால் அண்டைக்கு அன்னையர் தினம். கொம்மா புட்டவிச்சு, றால் பொரிச்சு வைச்சிட்டு வாசலைப் பாத்துக்கொண்டிருக்கிறா. கொண்ணன் எங்கை? ஜுராசிக் பார்க்கிலை. ரிக்கெற் வாங்க வழியில்லாத சனத்தை ஸ்ரேடியத்துக்கு வெளியிலை நிப்பாட்டி, பெரிய திரையிலை ஆட்டம் காட்டுற முற்றத்துக்கு அப்பிடி ஒரு பேர். டைனோசர் படம் ஓடின புளுகத்திலை அணிக்கு ராப்ரர்ஸ் எண்டு பேர் வைச்சவங்கள், பேந்து முற்றத்துக்கும் படத்தின்ரை பேரையே வைச்சிட்டாங்கள். நாங்கள் நடிகையின்ரை பேரைப் பிள்ளைக்கு வைச்சால் மட்டும் உங்களுக்குப் பகிடி.

சாமம் கழிச்சு வந்தவனுக்குத் தொண்டை அடைச்சுப் போச்சு. "ஹப்பி மதர்ஸ் டே" எண்டு வாயை அசைக்கிறான், காத்துத்தான் வருகுது. கொம்மா தண்ணி கேக்கிறானாக்கும் எண்டு செம்பைக் குடுத்தா. ஆனபடியால் மோனே, வெளிக்கிட முதல் கலண்டரைப் பார். கொம்மாவோடை கதைக்கிறதுக்கு அளவாத் தொண்டையிலை கொஞ்சம் மிச்சம் பிடிச்சு வை.

கியூவைப் பற்றியும் ஒரு கதை இருக்கு. இறுதிப் போட்டிக்கு முதல் நாளே போய், றோட்டிலை காத்துக் கிடந்தாங்கள் பொடியள், மழையிலையும். ரிச்மண்ட்ஹில் பிள்ளையாருக்குத் தேர், காலமை எட்டு மணிக்கு வாடா எண்டால் "அப்பப்பா, பார்க்கிங் கரைச்சல்" எண்டவன் கொண்ணன். வியாழக்கிழமைக் குப்பைப் பெட்டியை வாசலுக்கு உருட்ட, முழங்கால் நோகுதெண்டவனும் அவன்தான். அதே முழங்கால் ராத்திரி முழுக்க நிண்டுது. நான் பாத்த டாக்குத்தர்மார் ஒருத்தரும் எனக்கு அப்பிடி ஒரு மருந்து எழுதேல்லை.

சரி, வெண்டாச்செண்டு வை. கத்து, ஆடு, ஆரெண்டு தெரியாதவனைக் கட்டிப்பிடி. உந்த ஊரிலை அதுக்கு வேறை நாள் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரனோடை ஸ்னோ தள்ளேக்கை மட்டுந்தான் கதைக்கிறது. ஆனால் லைற் கம்பத்திலை ஏறாதை. ஏறின பொடியள் கனபேர், பஸ்ஸுக்கு மேலை நிண்டவங்களும் இருக்கிறாங்கள். பனையிலை ஏறினவன் கள்ளோடை இறங்குவான். லைற் கம்பத்திலை ஏறினவன் பொலிசோடைதான் இறங்குவான்.

ஏறுறதெண்டால் அதுக்கொரு காரணம் வேணும் மோனே. இந்த விளையாட்டைக் கண்டுபிடிச்சவர் எங்கடை ஒன்ராறியோவிலை பிறந்த நெய்ஸ்மித் எண்ட வாத்தியார். 1891இலை, அமெரிக்காவிலை மாசச்சூசெற்ஸிலை, குளிர்காலத்திலை பொடியளின்ரை குழப்படி தாங்கேலாமல், பீச் பழக்கூடை ரெண்டைப் பத்தடி உயரத்திலை ஆணியடிச்சு மாட்டினவர். கூடைக்கு அடி இருந்துது. பந்து விழுந்தால் ஒருத்தன் ஏணி வைச்சு ஏறி எடுக்க வேணும். அடியை வெட்டிவிடலாம் எண்டது உடனை பிடிபடேல்லையாம், படிச்ச மனிசருக்கு. எண்டாலும் அவங்கள் ஏறினால் ஒரு பந்தாவது கையிலை வந்துது.

நெய்ஸ்மித்தின்ரை விளையாட்டிலை இருந்து பிறந்ததுதான் எங்கடை பெட்டையள் விளையாடுற வலைப்பந்து. யாழ்ப்பாணத்துப் பிள்ளை தர்ஜினி சிவலிங்கம், ஏழடிக்குக் கிட்ட உயரம், கை தூக்கினால் கூடை. 2018இலை ஆசியக் கிண்ணத்தை இலங்கைக்குக் கொண்டுவந்த அணியிலை அவதான் தூண். அண்டைக்கு எந்தக் கம்பத்திலை ஏறினனீங்கள்? சும்மா கேட்டனான், கோவிக்காதை.

"நாங்கள் வெண்டிட்டம்" எண்டு கொண்ணன் கத்தினான். எடேய், நாங்கள் எண்டால் ஆர்? நீ சோபாவிலை இருந்து ரிமோட்டைத்தானே எறிஞ்சனி. அணியைத்தான் பாப்பமே. லெனார்ட் கலிபோர்னியா. சியாகம் கமரூன். இபாகா கொங்கோ. கசோல் ஸ்பெயின். எல்லாரையும் கூட்டிச் சேத்த உஜிரி நைஜீரியாவிலை வளந்தவர். லவுரி பிறந்து வளந்ததே பிலடெல்பியாவிலை. அந்த மே மாசம் தன்ரை ஊர்க்காரரைத் தோற்கடிச்சு வீட்டை அனுப்பினவன். ரொறொன்ரோவிலை பிறந்த ஒருத்தனும் களத்திலை இல்லை. கேட்டால் ஊர் அணி.

பேந்து நான் யோசிச்சுப் பாத்தன். கத்தினது மட்டும் ஆர்? புன்னாலைக்கட்டுவனிலை வெங்காயம் நட்ட நான், ஜமேக்காவிலை இருந்து வந்த பக்கத்து வீட்டுக்காரி, மணிலாவிலை இருந்து வந்த தபால்காரன். திரைக்கு உள்ளுக்கையும் வந்தான் வரத்தான், வெளியிலையும் வந்தான் வரத்தான். ஆனபடியால் அந்த "நாங்கள்" எண்டதைச் சொல்லிப்போட்டுப் போ. இந்த ஊரிலை அதைச் சொல்லப் பெரிசாய் அத்தாட்சி ஒருத்தரும் கேக்கேல்லை. நவ் பாட்டியா எண்ட சீக்கியரைப் பார். 1984இலை வந்த எஞ்சினியர், இஞ்சை கார் வித்தவர். 1995இலை அணி தொடங்கின நாளிலை இருந்து அந்த 2019 வரைக்கும் ஊரிலை நடந்த ஒரு ஆட்டத்தையும் விடேல்லை. பந்தையே தொடாத மனிசனுக்கு வெற்றி மோதிரம் குடுத்தாங்கள். உத்தியோகம் எண்டால் அது உத்தியோகம்.

சட்டை வாங்கிறதெண்டால் முதுகிலை பேரில்லாததாய்ப் பாத்து வாங்கு. 2019 ஜூன் 13, கலிபோர்னியாக்காரரை அவங்கடை மண்ணிலையே 114–110 எண்டு அடிச்சுக் கிண்ணம் எடுத்தாச்சு. அமெரிக்காவுக்கு வெளியிலை இருந்து ஒரு அணி எடுத்தது அதுதான் முதல். லெனார்ட் இஞ்சையே நிக்க வேணுமெண்டு, ஆயுசு முழுக்கச் சும்மா சாப்பாடு தாறமெண்டு கடைக்காரர் போட்டி போட்டுக் கடுதாசி ஒட்டினவை. நாங்கள் வந்திறங்கேக்கை ஒரு பணிசு தர ஆளில்லை. அந்தச் சாப்பாடு ஒண்டுக்கும் மனிசன் மசியேல்லை, ஜூலை பிறந்து ஒரு கிழமையிலை கலிபோர்னியாவுக்குப் போயிட்டான். கொண்ணனிட்டை அவன்ரை பேர் போட்ட சட்டை இருக்கு. இப்ப அதைப் போட்டுத்தான் காருக்கு எண்ணெய் மாத்திறான்.

வெற்றி ஊர்வலத்தண்டு திங்கட்கிழமை. கொப்பர் வருத்தமெண்டு வேலைக்குச் சொல்லிப்போட்டுப் போனவர். சனத்துக்குள்ளை அவற்றை மனேச்சரும் நிண்டவராம். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் காணேல்லை எண்டு ஒப்பந்தம்.

இது மட்டும் பகிடியில்லை. அண்டைக்கு நகரசபைச் சதுக்கத்திலை வெடிச்சத்தம் கேட்டது. நாலு பேருக்குச் சூடு பட்டது, சனம் சிதறி ஓடிச்சுது. பட்டாசெண்டு நினைச்சுப் போனைத் தூக்கிப் படம் பிடிச்சவங்களும் இருந்தாங்களாம். நீ இஞ்சை பிறந்தனி, உனக்குச் சத்தம் பிரிக்கத் தெரியாது. கொப்பருக்குத் தெரியும், அவர் அந்தச் சத்தத்தோடை வளந்தவர். எங்கையும் போய் நிண்ட உடனை, ஓடுறதெண்டால் எந்தப் பக்கம் எண்டு பாத்து வை. பேந்து ஆடு.

தோத்தால் என்ன செய்யிறதெண்டும் யோசிச்சு வை. வெண்டவனுக்கு எல்லாரும் வழி விடுவினம். தோத்தவன் யூனியன் ஸ்ரேசனிலை நெரிபட்டு, கென்னடி வரைக்கும் நிண்டுகொண்டுதான் வர வேணும். அதுக்காக வெக்கப்படாதை. இந்த லீக்கின்ரை முதல் ஆட்டமே 1946இலை இஞ்சை ரொறொன்ரோவிலைதான் நடந்தது. ஹஸ்கீஸ் எண்ட எங்கடை அணி நியூயோர்க்காரரிட்டை 68–66 எண்டு தோத்துத்தான் கணக்கைத் தொடங்கினது. வீட்டை வாற வழி தெரியேல்லை எண்டால், எங்கடை ஹொக்கி அணி மேப்பிள் லீவ்ஸின்ரை சட்டை போட்ட ஆரையாவது பிடிச்சுக் கேள். அவை 1967இலை இருந்து அந்தப் பாதையாலைதான் நடந்து வருகினம்.